ஆத்தா எழுதி வைத்த காலண்டர்

சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவே, கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி ஒரு சிற்றூர். பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக்கடை, கடைக்குப் பின்னால் வீடு. கடைத் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த தினசரிக் காலண்டர்தான், கடைக்கார மூதாட்டி ஒருவர் ஊருக்குச் செய்த வேலையைப் பற்றிய இந்த ஆய்வுக்குக் கிடைத்த முதல் ஆவணம். இரண்டாவது, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பில் குத்தி வைக்கும் கம்பி. இந்த இரண்டையும் விட்டால் எழுத்தில் வேறு எதுவும் இல்லை.

2023 மார்ச்சில், 79-ஆவது வயதில், அந்தக் கடைக்கார மூதாட்டி இறந்துபோனார். ஊர் முழுக்க அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்பது வீட்டாரின் விருப்பம். அவரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். எழவுக்கு வந்த கூட்டத்தில் நின்று காது கொடுத்தேன். "தங்கமான மனசு", "அந்த மனசு யாருக்கு வரும்", "இனியொருத்தி பொறந்துதான் வரோணும்." எல்லாம் உண்மைதான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நெருடல். மனசு என்று சொல்லி முடித்துவிட்டால், ஐம்பது வருஷமாக அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்தவர் மனசை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. வேலையைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

நான் 2004 முதல் 11 ஆண்டுகள் ஒரு கண் மருத்துவமனையின் முகாம் பிரிவில் இருந்தவன். ஊர் ஊராகப் போய் இலவசக் கண் முகாம் நடத்துவதும், புரை விழுந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி அறுவைக்கு அழைத்துப் போவதும், திரும்பக் கொண்டுவந்து விடுவதும் வேலை. அந்த வழியில்தான் ஆத்தா எனக்குப் பழக்கம். வேலையை விட்ட பிறகும் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

எங்கிருந்து தொடங்கியது

1944-ல் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. 18 வயதில் கல்யாணம், இந்தக் கடைக்கு வந்தார். கணவருக்குக் காசநோய். பெருந்துறை சானடோரியம் பக்கத்திலேயே இருந்தும் பிழைக்கவில்லை. அப்போது இந்த நோய்க்கு ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்க்க வேண்டும். கணவர் நாலைந்து மாதத்தில் உடம்பு தேறியதும் "இனி எதுக்கு" என்று வந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து நோய் திரும்பியது. 1974-ல் இறந்தார். மடியில் ஒரே பையன்.

இதை ஆத்தா ஒருமுறைதான் என்னிடம் சொன்னார், அதுவும் பருப்பைப் புடைத்துக்கொண்டே. "மருந்து இருந்துது தம்பி. ஆசுபத்திரி இருந்துது. சாப்புட்டயான்னு தெனமும் கேக்கறதுக்கு ஆளில்ல. நானும் கேக்கல, எனக்குத் தெரியாது." அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய ஐம்பது வருஷத்துக்கும் விளக்கம் இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வேறு யாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது, ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து எழுத்தை மறுபடியும் பிடித்தார். ஐம்பதை ஒட்டிய வயது. அதுவரை கடைக் கணக்கைக் கோடு கிழித்து வைத்திருந்தவர், அதற்கப்புறம் எழுத ஆரம்பித்தார். எழுத நோட்டு வாங்கவில்லை. நோட்டு காசு, காலண்டர் ஈரோட்டு மண்டிக்காரர்கள் வருஷா வருஷம் சும்மா கொடுப்பது.

ஆடு

2005-ல் நடந்தது. முகாமில் புரை என்று எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பஸ்ஸில் ஏறவில்லை. எங்கள் படிவத்தில் "வராததற்குக் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. நாங்கள் எல்லோருக்கும் "பயம்" என்று போடுவோம். சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆத்தா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயமில்ல தம்பி. வாய்க்கா மேட்டுல இருக்கறவளுக்கு ரெண்டு ஆடு. மூணு நாளைக்கு அதைய யாரு பாக்கறது?"

அந்தப் பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. கயிற்றைத் தடவித் தடவித்தான் ஆட்டைக் கட்டுவார். ஆனாலும் ஆட்டை விட்டு வரமாட்டார். பால்காரப் பையன் ஒருவனிடம் பேசி, மூன்று நாள் அவன் கட்டுத்தரையில் ஆட்டைக் கட்ட ஆத்தா ஏற்பாடு செய்தார். அடுத்த முகாமில் பாட்டி முதல் ஆளாக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கு ஆள் பார்ப்பது எங்கள் மருத்துவமனையின் எந்தத் திட்டத்திலும் கிடையாது.

அப்புறம் அவரோடு வீடு வீடாக நடந்தேன். ஒரு பெரியவருக்கு நாலு மணிக்கு டீ இல்லாவிட்டால் தலைவலி. ஆசுபத்திரியில் கொடுப்பார்களா என்று கேட்க வெட்கம். ஒரு அம்மாவுக்கு நாலு பேருக்கு முன்னால் கட்ட நல்ல உள்பாவாடை இல்லை. இன்னொருவருக்கு ராத்திரியில் இரண்டு தடவை எழ வேண்டும், புது இடத்தில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழுந்துவிடுவோமோ என்ற கவலை. தறிக்காரர் ஒருவர் தறியில் பாவு நூல் ஏற்றியிருந்தார். அதை முடிக்காமல் எழ முடியாது. சென்னிமலைப் பக்கம் குழித்தறியில் பெட்ஷீட் நெய்கிறவர்களுக்குப் புரை என்றால் பிழைப்பு போன மாதிரிதான். இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியாது, நெய்த பிறகு விரலில்தான் தட்டுப்படும், அதற்குள் ஒரு சாண் போயிருக்கும். அப்படியும் அவர் "பாவு முடியட்டும்" என்றார். பாவு முடியும் தேதியை ஆத்தா கேட்டு வைத்துக்கொண்டார். அன்றைக்கே போய் நின்றார்.

இதில் மருத்துவம் தெரிந்தவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. மங்கியதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது, பழகிய மருத்துவர் கையில் சில நிமிட வேலை. லென்ஸ் வைக்காமல் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. மதுரையில் 1992 முதலே உள்நாட்டில் மலிவாக லென்ஸ் செய்கிறார்கள். ஆக, தொழில்நுட்பம் தயார், பணமும் வேண்டாம், பஸ் வாசலுக்கு வருகிறது. அப்படியும் ஆள் வரவில்லை என்றால் தடங்கல் ஆசுபத்திரிக்கு வெளியேதான் எங்கோ இருக்கிறது. எங்கே என்று ஆத்தாவுக்குத் தெரியும். ஏனென்றால் அவர் 2001-ல் தன் கண்ணுக்கே அறுவை செய்துகொண்டவர். "எனக்குப் பண்ணுனாங்க, பாரு" என்று கண்ணை விரித்துக் காட்டுவார். நாங்கள் அச்சடித்த நோட்டீசை யாரும் படித்ததில்லை.

முகாம் தேதியையும் அவர்தான் மாற்றினார். நாங்கள் ஆகஸ்ட் கடைசியில் வைத்திருந்தோம். பவானிசாகர் அணையிலிருந்து ஆகஸ்ட் 15 வாக்கில் கீழ்பவானிக்குத் தண்ணீர் விடுவார்கள். 200 கிலோமீட்டர் வாய்க்கால், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். தண்ணீர் வந்துவிட்டால் வயசில் உள்ளவர்கள் எல்லாம் வயலில். வீட்டையும் மாட்டையும் குழந்தையையும் பார்ப்பது கிழடுகள்தான். அவர்களை எப்படி ஆசுபத்திரிக்கு விடுவார்கள்? தை, மாசியில் மஞ்சள் வெட்டு. ஆடியில் வைத்தால் "ஆடி மாசத்துல ஆபரேசனா" என்பார்கள். "ஆனியில வையுங்க" என்றார். வைத்தோம். அதற்கப்புறம் பஸ்ஸில் இடம் போதவில்லை.

வாங்கிக்கொண்டது

2008-ல் நான் ஒரு தப்பு செய்தேன். மருத்துவமனை சார்பில் அவருக்குச் சால்வை போட்டுக் கௌரவிக்க ஏற்பாடு செய்து, அறுவை முடிந்து பச்சைத் துணி கட்டியிருந்த பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துப் படமும் எடுத்தேன். ஆத்தா சால்வையை வாங்கிக்கொண்டார். மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போனதும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படம் பேப்பருல வருமா?"

"வருமுங்க ஆத்தா."

"வந்தா, அதுல ரெண்டாவதா குந்தீருக்கறவளோட மகன் பாப்பான். ஓசியில கண்ணு வெச்சுட்டு வந்துருக்கறா, ஊரே பாக்குதுன்னு மருமக ஒரு வார்த்தை விடுவா. அடுத்த கண்ணுக்கு அவ வருவாளா?"

படம் பேப்பருக்குப் போகவில்லை. அந்த அம்மா இரண்டாவது கண்ணுக்கும் வந்தார்.

எங்கள் பக்கத்து மனுசர்களுக்குச் சும்மா வாங்குவது ஆகாது. கல்யாணத்துக்கு மொய் எழுதினால் நோட்டில் ஏறும், நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். வாங்கியதைத் திருப்பாவிட்டால்தான் கேவலம். ஆத்தா இந்தக் கணக்குக்குள்ளேயே நின்று வேலை செய்தார். யாருக்காவது ஏதாவது செய்தால், கொடுப்பதை மறுக்காமல் வாங்குவார். ஒரு படி கொள்ளு, நாலு முருங்கைக்காய், இரண்டு தேங்காய், ஒரு கட்டு வாழையிலை. வாங்கிய கொள்ளு மறுநாள் வேறொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக்காரர் அடுத்த வாரம் யாருக்காவது பஸ்ஸில் துணைக்குப் போவார். இப்படிக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஆளாகிப்போனதால், அந்த ஊரில் யார் உதவி பெற்றவர் என்று வெளி ஆள் பிரித்துப் பார்க்க முடியாது. ஒருமுறை நான் "பயனாளிகள் பட்டியல்" கேட்டபோது அவருக்கு அந்த வார்த்தையே புரியவில்லை.

கோவை ஆலாந்துறை அருகே வடிவேலாம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றதை ஊரே பாராட்டியது. எல்லோரும் விலையின் சிறுமையைப் பார்த்தார்கள். நான் அந்த ஒரு ரூபாயைப் பார்த்தேன். இலவசமாகப் போட்டிருந்தால் சாப்பிடுகிறவன் கையேந்துகிறவன். ஒரு ரூபாய் கொடுத்துவிட்டால் இன்னொரு இட்லி போடுங்க என்று அதட்டிக் கேட்கலாம். ஆத்தாவின் கொள்ளும் முருங்கைக்காயும் அதே ஒரு ரூபாய்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் டாட்ஸ் முறையில் காசநோய் மருந்து எங்கள் பக்கம் வந்தபோது, ஆத்தாதான் ஊருக்கு மாத்திரை கொடுப்பவர். நோயாளிக்கு ஒரு பெட்டி, ஆறு மாத மருந்தும் அதில் இருக்கும். வாரத்துக்கு மூன்று நாள், அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். தினசரி மருந்து 2017-க்குப் பிறகுதான் வந்தது. காலனியிலிருந்து ஒரு கூலிக்காரர் வருவார். அவருக்கு மாத்திரை விழுங்க ஆத்தா தண்ணீர் ஊற்றியது தனியாக வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் டம்ளரில். இதைப் பல நாள் நானே பார்த்திருக்கிறேன், வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அந்த மனிதர் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் அதைக் குடித்தார். ஆத்தாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. அடுத்த முறை வீட்டுச் சொம்பு திண்ணையில் இருந்தது. அவர் சொம்பை எடுத்தார், குடித்தார், போனார். இதை நான் பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டேன். ஆத்தா கடைசிவரை அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் நடந்த தூரம் அது வரைக்கும்தான்.

காலண்டர் எப்படி வேலை செய்தது

சிவகாசியில் அச்சாகும் சாதாரண தினசரிக் காலண்டர். நடுவில் பெரிய எழுத்தில் தேதி, மேலே தமிழ் மாதம், கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், ஓரத்தில் சந்திராஷ்டமம். தேதி எண்ணுக்கு இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கும். அங்கேதான் ஆத்தா எழுதுவார்.

எழுதுவது இன்றைய தாளில் இல்லை. செய்ய வேண்டிய நாளின் தாளில். ஒருவருக்குக் கண் அறுவை முடிந்து வந்தால், அந்த வாரமே காலண்டரைத் தூக்கித் தூக்கி அடுத்த ஐந்தாறு வாரத்துக்கும் எழுதிவிடுவார். சொட்டு மருந்து எந்த நாளில் ஆறு வேளையிலிருந்து நாலாகக் குறைய வேண்டும், எப்போது தலைக்கு ஊற்றலாம், மறுபரிசோதனை எப்போது. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்திருந்தால், இருபது நாள் தள்ளி ஒரு தாளில் "வி.ஏ.ஓ. கேக்கோணும்." கை ரேகை தேய்ந்து வங்கி மிஷினில் விழாத பாட்டிக்கு, மாதத் தொடக்கத்தில் ஒரு நாள். அந்தத் தொகை 2011-ல் ஆயிரம் ரூபாயாகி, 2023-ல் 1,200 ஆனது. ரேகை விழாவிட்டால் எத்தனை ஆனாலும் கைக்கு வராது. கர்ப்பிணிக்கு ஊசி, போலியோ சொட்டு மருந்து ஞாயிறு, யாருக்கோ திதி.

எழுத்தைவிடக் குறி அதிகம். வட்டத்துக்குள் புள்ளி என்றால் கண். இரண்டு புள்ளி மாத்திரை. கீழ்நோக்கிய கோடு ஊசி. ஆட்டுக்குக் கொம்பு போட்டு ஒரு முக்கோணம், அது நிஜமாகவே ஆடு.

காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றிவிட்டு நேற்றைய தாளைக் கிழிப்பார். இன்றைய வேலை கண் முன்னால் வந்து நிற்கும். ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. சாயங்காலம் கடை கட்டுமுன் அந்த வேலை முடிந்திருந்தால், தாள் கடுகு, சீரகம் மடிக்கப் போகும். முடியாவிட்டால் கம்பியில் குத்தப்படும்.

இதன் விளைவு ஆய்வாளனுக்குப் பெரிய சங்கடம். நடந்து முடிந்த நல்ல காரியங்கள் எல்லாம் இரண்டு ரூபாய்க் கடுகோடு ஊர் அடுப்படிகளுக்குப் போய்ச் சாம்பலாகிவிட்டன. மிச்சமிருப்பது கம்பியில் குத்திய தாள்கள். அதாவது, அவர் தோற்ற இடங்கள் மட்டும்.

கம்பியில் இருந்தவை

மூன்று கம்பி. துருப்பிடித்தது ஒன்று, அதில் பழைய தாள்கள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் ஒரு கொத்து உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து இருமலோடு வந்த ஒரு பையன். மருந்து ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகம் தெளிந்தது. காசநோயில் அதுதான் பயப்பட வேண்டிய கட்டம். நன்றாக இருப்பதாகத் தோன்றும், கிருமி உள்ளே இருக்கும், பாதியில் நிறுத்தினால் மருந்துக்கே அடங்காத நோயாகத் திரும்பலாம். பையன் ஒருநாள் சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். ஆத்தா பஸ் ஏறிப் போய், அவன் சொன்ன தெருவில் கம்பெனி கம்பெனியாகக் கேட்டிருக்கிறார். அவன் பெயரில் அங்கே எத்தனையோ பேர். அந்த ஊரில் ஒரு ஆளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அது எப்படி என்று தெரியும். மீதி நாலு மாதத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததால், வாரம் மூன்று தாள் அவன் பெயரோடு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகக் கம்பிக்குப் போனது. தாள்களை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

நொய்யல் தாள்கள் சில. சென்னிமலைக்குத் தெற்கே ஒரத்துப்பாளையம் அணை, 1992-ல் பாசனத்துக்கென்று வந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கே ஆகாத தண்ணீராகிப்போனது. அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த உறவுக்காரர்களின் கிணறு கெட்டபோது ஆத்தாவும் மனு கொடுக்கும் கூட்டத்தோடு போய் வந்தார். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அந்தப் பக்கத்து விவசாயிகளின் நெடிய வழக்கால். ஆத்தாவின் மனுவால் எதுவும் நடக்கவில்லை. "அது என்ற வேலையில்ல தம்பி. வாசல்ல போயி நின்னு கேக்கறதுக்கு அங்க ஒரு வீடில்ல" என்றார். தன் கை எட்டும் தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது. அது போதுமா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் இன்னும் தெளிவில்லை.

2006 ஜூலைத் தாள் ஒன்று. அதில் வேலை எதுவும் இல்லை, "பஸ்" என்று மட்டும். அது எங்கள் தப்பு. அறுவை முடிந்த ஒன்பது பேரைக் கொண்டுவந்த வண்டி, மழை என்று சொல்லி ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டில் ராத்திரி பத்தரைக்கு இறக்கிவிட்டுப் போய்விட்டது. கண்ணில் துணியோடு ஒன்பது வயசானவர்கள் புளியமரத்தடியில். தகவல் தெரிந்து ஆத்தா டார்ச்சும் சாக்குப் பையும் எடுத்துக்கொண்டு நடந்தார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முன்னால் டார்ச் அடித்து ஒன்றரை கிலோமீட்டர் கூட்டி வந்தார். மறுநாள் நான் போய் நின்றபோது திட்டவில்லை. "இனிமே திரும்பி வர்ற பஸ்ஸுல நானும் வருவேன். எனக்கொரு சீட்டு வையுங்க" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கடைசி முகாம் வரை டிரைவருக்குப் பின்சீட் அவருடையது.

இறந்த பிறகு

எழவு, காரியம் என்று கடை இருபது நாள் திறக்கவில்லை. காலண்டர் அவர் விழுந்த தேதியிலேயே நின்றது. மருமகள் கடையைத் திறந்த காலையில், வழக்கம்போலக் கிழிக்கப் போய், இருபது தாளையும் ஒரே மூச்சில் கிழித்தார். கிழித்த பிறகுதான் கையில் எழுத்து தெரிந்திருக்கிறது.

அந்த இருபது தாளில் பதினொன்றில் எழுதியிருந்தது. அவற்றில் மூன்று, நாள் கடந்தால் கெட்டுப்போகிற வேலை. கண் அறுவை செய்த ஒரு பெரியவர் சொட்டு மருந்தைக் குறைக்காமல் பழைய கணக்கிலேயே விட்டுத் தீர்த்திருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. உதவித்தொகை மனு ஒன்று சான்று இணைக்காததால் திரும்பிவிட்டது. தறிக்காரர் ஒருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார், காலில் புண். 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர் வீட்டுக்கே மாதாமாதம் மாத்திரை வருகிறது. கொண்டுவரும் பெண் தங்கமான பெண், முறையாகக் கொடுத்திருக்கிறார். மாத்திரை அட்டை பிரிக்காமல் மாடப்பிறையில் இருந்தது. சாப்பிட்டாயா என்று நடுவில் வந்து கேட்கிற ஆள்தான் இல்லை. 1974-ல் எது இல்லையோ அதேதான்.

மருமகளுக்கு இதில் ஆசை கிடையாது, அதை அவரே சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் வெளி வேலைக்குப் போவதால் கடையும் அடுப்படியும் தன் தலையில் விழுந்தது என்ற கோபம் இன்றும் உண்டு. நியாயமான கோபம். தொண்டு செய்தவரைப் பற்றிப் பேசுகிற யாரும், அவர் வெளியே போயிருந்த நேரத்தில் வீட்டில் உலை வைத்தவர் யார் என்று கேட்பதில்லை. நானும் பத்தொன்பது வருஷமாகக் கேட்டதில்லை.

"நானொண்ணும் சேவை செய்யறதில்லீங்ணா" என்றார் மருமகள். "காலையில கிழிச்சா பேரு வந்து நிக்குது. கண்ணுல பட்டப்பொறவு எப்படீங் சும்மா இருக்கறது? திட்டீட்டேதான் போறேன்."

அப்படித் திட்டிக்கொண்டே அந்த வருஷம் முழுக்கப் போனார். ஆத்தா மார்ச்சில் இறந்தவர், டிசம்பர் வரைக்கும் அங்கங்கே எழுதி வைத்திருந்தார். சித்திரையில் அடர்த்தியாக இருந்த எழுத்து ஆவணியில் நீர்த்தது. ஐப்பசியில் வாரத்துக்கு ஒன்று. ஆனித் தாளில் "முகாம்" என்று இருந்ததைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். நான் வேலையை விட்டு எட்டு வருஷம். பழைய ஆட்களைப் பிடித்து, வண்டி வரவைத்தோம். பின்சீட்டில் அவர் உட்கார்ந்து வந்தார்.

2023 டிசம்பர் கடைசி ஞாயிறு கடைக்குப் போயிருந்தேன். மண்டியிலிருந்து புதுக் காலண்டர் வந்திருந்தது. பழையதில் ஒரே ஒரு தாள்தான் பாக்கி. மருமகள் புதியதைத் தரையில் போட்டு, பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், செல்போனில் நினைவூட்டல் போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "போன் என்ற கையில மட்டுந்தான் இருக்கும் அம்மிணி. இது கடையில தொங்கும், சாமான் வாங்க வர்றவங்களும் பாப்பாங்க" என்றார் மருமகள். அப்படிப் பார்த்து, இரண்டு வேலையை ஊர்க்காரர்களே தாங்களாகப் போய் முடித்திருக்கிறார்கள். ஆத்தா இருந்தபோது இது நடந்ததில்லை. அவர் காலண்டரைத் தொட யாருக்கும் தைரியம் வராது.

மூன்று பேரும் உட்கார்ந்து, யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பேசிப் பேசி எழுதினோம். ரேகை விழாத பாட்டி இருக்கிறார். தறிக்காரருக்குப் புண் ஆறிவிட்டது, மாத்திரை தொடர்கிறது. வாய்க்கால் மேட்டுப் பாட்டி 2019-லேயே போய்விட்டார். ஆட்டுக் குறி இனி வேண்டாம்.

ஒரு குறிதான் யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமைத் தாளில், ஓரமாக, ஒரு சின்னக் கட்டம், அதன் மேல் ஒரு கோடு. கம்பியில் இருந்த பழைய தாள்களில் தேடினேன், ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அது மாதாமாதம் தவறாமல் முடிந்த வேலை. மகனைக் கேட்டோம். பூசாரியை, பால்காரரை, நர்சம்மாவைக் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. இந்த ஒன்பது மாதமாக அந்தச் செவ்வாய்களில் யாரோ எதற்கோ காத்திருந்துவிட்டு விட்டுவிட்டார்களா, அதுவும் தெரியவில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று மருமகள் ஜனவரி, பிப்ரவரி என்று தாளைத் தூக்கித் தூக்கி, பன்னிரண்டு செவ்வாய்க்கிழமையிலும் அந்தக் கட்டத்தைப் போட்டு, மேலே கோடும் போட்டார். கடைக்கு யாரோ சீயக்காய் கேட்டு வந்தார்கள். எழுந்து போனார்.